ஜெனரலுக்கு ஒரு நாற்காலி

சென்ற மாதம் நம் வீட்டில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. அது எடுக்கப்பட்ட விதத்தையும் அதனால் நேர்ந்தவற்றையும் உனக்கு முறையாகத் தெரிவிப்பது என் கடமை. ஹாலில் டி.வி.க்கு எதிரே கிடக்கும் பிரம்பு நாற்காலியின் மெத்தைக்குப் புது உறை போடலாம் என்று உன் அப்பா ஒப்புக்கொண்டார். பழைய உறையில் நீ சின்ன வயதில் கொட்டிய மாம்பழச் சாறு, பிரிக்கப்படாத ஆந்திரப் பிரதேசத்தின் வடிவில் காய்ந்திருந்தது. மாநிலம் பிரிந்த பிறகும் உறை மாறவில்லை. புது உறைக்கு நான் மெரூன் என்றேன், அவர் ஆலிவ் பச்சை என்றார். நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு, ஆலிவ் பச்சை உறைக்கு மெரூன் கரை என்று உடன்பாடு ஏற்பட்டது. அந்த நாற்காலியில் உன் அப்பாவைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை. இனி அதில் ஒரு பிரெஞ்சுக் காலாட்படை ஜெனரல் உட்காரப் போகிறார் என்பதே உறை மாற்றத்துக்குக் காரணம்.

நீயும் எலீஸும் லியோனுக்குப் போய்ச் சேர்ந்து, பிரிட்ஜ் வாங்கி, அதில் எந்தத் தட்டில் தயிர் வைப்பது என்பதில் முதல் சண்டையும் போட்டாகிவிட்டது என்று செய்தி அனுப்பியிருந்தாய். சந்தோஷம். கல்யாணத்தில் என்ன நடக்கிறது என்பது மாப்பிள்ளைக்குத்தான் மிகக் குறைவாகத் தெரியும். அவன் புகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், போட்டோக்காரர் சொன்ன பக்கம் திரும்புவான். அதனால் உனக்குத் தெரியாமல் நடந்தவற்றை எழுதுகிறேன். பள்ளி நூலகராக இருந்தே ஓய்வு பெற்றவள் நான். எதையும் அதற்குரிய அலமாரியில் வைக்காவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. உனக்குத் தமிழ் எழுத்து கற்றுக்கொடுத்ததும் நான்தான், சாப்பாட்டு மேஜையில், சாம்பார் ஆறும் நேரத்தில். மெதுவாகப் படி. பதிலை ஆங்கிலத்தில்தான் அனுப்புவாய், அதிலும் பாதி பொம்மைப் படமாக இருக்கும். பரவாயில்லை.

உன் அப்பாவை உனக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. ஆனால் இதை நீ எலீஸுக்கும் படித்துச் சொல்வாய் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன். வேலூர்ப் பக்கத்திலிருந்து காலாட்படையில் சிப்பாயாகச் சேர்ந்தார், அதிகாரிகளுக்குக் கீழ்ப்பட்ட சுபேதாராகவே ஓய்வு பெற்றார், சைனிக்புரியில் இந்தச் சிறிய வீட்டைக் கட்டினார். முன்னாள் ராணுவத்தாருக்காக உருவான காலனி என்பதால் இங்கே தெருவுக்கு ஒரு கர்னலாவது இருப்பார். அதாவது, ஓய்வு பெற்றபின் அவருக்கு ஓய்வே கிடைக்கவில்லை. அதிகாரியாக இருந்த எவர் எதிரே வந்தாலும் எழுந்து விறைப்பாக நிற்பார். உன் ஏழாம் வகுப்பு டீச்சர் ஒரு கேப்டனின் மனைவி என்று தெரிந்த நாளிலிருந்து, பெற்றோர் கூட்டத்தில் நான் உட்கார்ந்து உன் கணக்கு மார்க்கைப் பற்றிப் பேசுவேன், அவர் என் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். அந்த அம்மாள் வருஷம் முழுக்க அவரை என் டிரைவர் என்று நினைத்திருந்தார். நான் உன் அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நின்றிருப்பார்.

அடுத்த தெரு பிரிகேடியரை உனக்கு நினைவிருக்கும். தினம் மாலை நடைக்குப் போகும்போது நம் கேட்டுக்கு வெளியே நின்று, “க்யா ஹால் ஹை, சுபேதார் சாப்” என்று நலம் விசாரிப்பார். உன் அப்பா கேட்டுக்கு உள்ளே நிற்பார். இருவரும் கோதாவரித் தண்ணீர் வராதது பற்றியும் நாட்டின் எதிர்காலம் பற்றியும் அரை மணி நேரம் நின்றபடியே பேசுவார்கள். வராந்தாவில் நாற்காலிகள் சும்மா கிடக்கும். பிரிகேடியரை உட்காரச் சொல்லும் உரிமை தனக்கில்லை என்று உன் அப்பா நினைத்தார். உன் அப்பாவை உட்காரச் சொல்லலாம் என்று பிரிகேடியருக்குத் தோன்றவேயில்லை. எனக்கு இந்த விஷயத்தில் பொறுமை குறைவு. நான் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். ஒர்க்‌ஷாப் ஃபோர்மனின் சைக்கிள் தெருமுனையில் திரும்பினால் எங்கள் வரிசை முழுவதும் எழுந்து நிற்கும், காய்ச்சலில் படுத்திருப்பவர் உட்பட. அதைப் பார்த்துப் பார்த்து, உட்கார்ந்து செய்கிற வேலைக்குத்தான் போவது என்று தீர்மானித்து நூலகரானேன். புத்தகத்தின் மேல் ஆசை பிறகு வந்தது.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் நீ போன் செய்து, எலீஸைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாய். உன் அப்பா சேனல் மாற்றிக்கொண்டிருந்தார். என்ன மதம், என்ன மொழி என்று எதுவும் கேட்கவில்லை. “அவங்கப்பா இன்னா பண்றாரு” என்று மட்டும் கேட்டார். “ரிட்டயர்ட் ஜெனரல் பா, இன்ஃபன்ட்ரி” என்றாய். அவர் ரிமோட்டோடு எழுந்து நின்றார். பிரான்ஸ் எந்தத் திசையில் இருக்கிறது என்று சட்டெனத் தெரியாததால் ஜன்னலைப் பார்த்து நின்றார். செய்தி பிரிகேடியருக்கும் எட்டியது. அவர் வீட்டுக்குப் போய் ஆராய்ந்துவிட்டு மறுநாள் கேட்டில் வந்து தீர்ப்புச் சொன்னார். பிரெஞ்சுப் படையில் இரண்டு நட்சத்திரம் வைத்த ஜெனரல் என்றால் நம் ஊர்க் கணக்கில் வெறும் பிரிகேடியர், அதற்கு மேல் ஒரு அங்குலம் கிடையாது. “எஸ் சார்” என்றார் உன் அப்பா. உள்ளே வந்து என்னிடம், “ஜெனரல்னா ஜெனரல்தான். அந்த ஊர்ல ஸ்டார் கம்மியா தெப்பாங்க” என்றார்.

சிக்கல் அங்கே இல்லை, சடங்கில் இருந்தது. நம் பக்கத்து வழக்கப்படி முகூர்த்தத்துக்கு முன்னால் சம்பந்தி மரியாதை உண்டு. மாப்பிள்ளையின் தகப்பனை நாற்காலியில் உட்காரவைத்து, பெண்ணின் தகப்பன் எதிரே நின்று, சந்தனம் பூசி, மாலை போட்டு, வெற்றிலைத் தட்டைக் கையில் கொடுக்க வேண்டும். அது முடிந்ததும் மாப்பிள்ளையின் காலைக் கழுவ வேண்டும். உலகத்தின் எல்லாப் படைகளிலும் ஜெனரல் சுபேதாருக்கு மேலே. கல்யாண மேடையில் மட்டும் பையனைப் பெற்றவர் பெண்ணைப் பெற்றவருக்கு மேலே. இதில் நியாயம் இருப்பதாக நான் சொல்ல மாட்டேன், நானும் ஒருவருக்குப் பெண்ணாகப் பிறந்தவள்தான். வேண்டாம் என்று எலீஸிடமே சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு ஒரு சடங்கும் விடக்கூடாது. அவள் அப்பாவோ, செய்ய வேண்டியதை வரிசையாகச் சொன்னால் போதும், காரணம் கேட்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

உன் அப்பா மறுத்துவிட்டார். “இன்னா பேசறே நீ? ஜெனரல் நின்னுக்கினு இருப்பாரு, நான் உட்காந்துக்கினு கழுத்த நீட்டணுமா?” அவருக்குப் பதிலாக வேலூரிலிருந்து வரும் உன் சித்தப்பா அந்த நாற்காலியில் உட்காருவதாக ஏற்பாடானது. சித்தப்பாவுக்கு அரிசிக் கடை. யார் முன்னாலும் உட்காரக்கூடியவர். உடனே பட்டுச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டார். நான் சொன்னேன், “நக்கோங்க, வேணாம். பெத்த அப்பன் ஒதுங்கிக்கினா அந்தப் பொண்ணு இன்னா நெனைக்கும்? நம்மள இந்த ஆளுக்குப் புடிக்கலன்னுதானே நெனைக்கும்? அவங்கப்பாவும் அதத்தான் நெனைப்பாரு.” அவர் இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். அவருக்கு மனசு சரியில்லாதபோது சட்டைகளுக்கு இஸ்திரி போடுவார் என்பது உனக்குத் தெரியும். அந்த வாரம் நம் வீட்டில் தலையணை உறைகூடச் சுருக்கமில்லாமல் இருந்தது. உனக்குப் போன் செய்தால், “இட்ஸ் ஜஸ்ட் எ சேர், மா” என்றாய். உன் கல்யாணத்தில் உன் அப்பா தன் இடத்தில் இருப்பாரா, தூணுக்குப் பின்னால் நிற்பாரா என்பது அந்த நாற்காலியில் இருந்தது. நீ சொன்னதை நான் அவரிடம் தெரிவிக்கவில்லை.

எதிராளியைப் பற்றித் தெரிந்துகொள்வது நூலகரின் முதல் வழி. வீடியோ காலில் எலீஸிடம் அவள் அப்பாவின் வாழ்க்கையைத் துண்டு துண்டாகக் கேட்டு வாங்கினேன். பிரான்ஸின் கிழக்கே மலையோரம் ஒரு சிற்றூர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை, அல்லது அவர் பள்ளிக்கூடத்துக்கு ஒத்துவரவில்லை. மீசை சரியாக முளைக்கும் முன் காலாட்படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். முதல் வருஷம் நாட்டுக்காக உருளைக்கிழங்கு உரித்தார். சார்ஜென்ட் ஆனார். பிறகு, படைவீரர்களிலிருந்து அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் பள்ளிக்குப் போய் லெஃப்டினன்ட் ஆனார். ஆல்ப்ஸ் மலையில் பனிமேல் நடந்தார், சாட் நாட்டில் மணல்மேல் நடந்தார், போஸ்னியாவில் ஐ.நா.வின் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு இரண்டு தரப்பும் திட்ட நடுவில் நடந்தார். காலாட்படை என்பது பெரும்பாலும் நடப்பது என்று அவர் மகளுக்குச் சொல்லியிருக்கிறார். பிறகு ரெஜிமென்ட், பிறகு பிரிகேட், பிறகு பாரிஸில் ஒரு மேஜை. இத்தனை இடங்களில் ஒன்றும் ஆகாத முட்டி, பாரிஸ் அலுவலகத்தின் மாடிப்படியில் உடைந்தது. அதற்குப் பதக்கம் கிடையாது. ஓய்வுக்குப் பிறகு தோட்டத்தில் வெங்காயம் போடுகிறார், ஊர்ப் பாடகர் குழுவில் பாடுகிறார். பாடாமலிருந்தால் ஊருக்கு நல்லது என்பது எலீஸின் கருத்து.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் மாலை, நீ எலீஸையும் அவள் அம்மாவையும் வளையல் வாங்க லாட் பஜாருக்குக் கூட்டிப் போனாய். ஜெனரலை ஆறு மணிக்குக் காபிக்கு அழைத்திருந்தோம். காலாட்படை ஐந்து மணிக்கே வந்துவிட்டது, ஆட்டோவில், தனியாக. உன் அப்பா பனியனோடு சாப்பாட்டு மேஜையில் கல்யாணச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கதவு திறந்தே இருந்தது. வாசலில் ஆளைக் கண்டதும் விறைப்பாக நின்றார். கை பக்கத்துக்கு வந்தது, இஸ்திரிப் பெட்டி சட்டையிலேயே நின்றது. ஜெனரல் வணக்கம் சொல்லவில்லை. நேராக நடந்துவந்து பெட்டியைத் தூக்கி நிறுத்தினார், சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், தப்பித்தது என்பதுபோல் தலையாட்டினார். பிறகு மீதியிருந்த சட்டைக் கையை அவரே தேய்த்து முடித்தார். மடிப்பு கத்திபோல இருந்தது. உன் அப்பா அதை ஓரக்கண்ணால் பார்த்தார். மனிதர் மேல் அவருக்கு மதிப்பு கூடிவிட்டது. எனக்கு அதுதான் வேண்டாததாக இருந்தது, மதிப்பு கூடினால் இன்னும் விறைப்பாக நிற்பார்.

நான் காபி கொண்டுவந்து, பிரம்பு நாற்காலியைக் காட்டினேன். ஜெனரல் உட்கார்ந்தார். உன் அப்பா நின்றார். ஜெனரல் எழுந்து நின்றார். உன் அப்பா இன்னும் நேராக நின்றார். யாராவது ஒருவர் உட்கார வேண்டுமே என்று நான் உட்கார்ந்தேன். இருவரும் நின்றபடியே காபி குடித்தார்கள். ஐ.நா. படையில் பழகிய ஆங்கிலம் அவருக்கு உண்டு. உன் அப்பாவின் ஆங்கிலத்தில் ‘எஸ் சார்’, ‘நோ சார்’ இரண்டும் குறையில்லாமல் இருக்கும். ஜெனரல் என் பக்கம் திரும்பி, உன் அப்பாவுக்கு இந்தக் கல்யாணம் பிடிக்கவில்லையா என்று கேட்டார். இதற்குத்தான் நான் பயந்தேன். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சுபேதார் என்றால் என்ன, சம்பந்தி மரியாதை என்றால் என்ன, நாளை நாற்காலியில் உட்காரப் போகிற அரிசிக் கடைக்காரர் யார், எல்லாவற்றையும். உன் அப்பா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெனரல் தம்ளரைக் கீழே வைத்தார். எலீஸ் சொல்லாத ஒன்றை அப்போது சொன்னார், அவளுக்கே தெரியாதோ என்னவோ. அவருடைய அப்பாவும் காலாட்படைதான், சார்ஜென்டாகவே ஓய்வு பெற்றவர். மகன் லெஃப்டினன்ட் ஆகி முதல் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது, அந்த மனிதர் தன் சமையலறையில், தன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். அதற்குப் பிறகு மகன் எதிரில் அவர் உட்காரவே இல்லை. மகன் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் சாப்பிட்டார். வேடிக்கையாகச் சொல்லிப் பார்த்தார்கள், கோபித்துப் பார்த்தார்கள். கேப்டன் ஆனதும் மகன் உத்தரவே போட்டார். அப்பா உட்கார்ந்தார், அணிவகுப்பில் உட்காருவதுபோல், கையை முட்டிமேல் வைத்துக்கொண்டு. அதைப் பார்க்கப் பொறுக்காமல் உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டாராம். “நான் ஒரு ரெஜிமென்டை நடத்தினேன், ஒரு பிரிகேடை நடத்தினேன், மேடம். ஒரு சார்ஜென்டை உட்கார வைக்க என்னால் முடியவில்லை. அவர் போய்விட்டார். இன்னொரு முறை எனக்கு வேண்டாம்.”

உன் அப்பா காலண்டரிலிருந்து பார்வையை எடுத்து, “இது ஆர்டரா சார்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஜெனரல், “இல்லை. ஆர்டரை ஏற்கெனவே முயன்று பார்த்துவிட்டேன்” என்றார். உன் அப்பா, நாளைக்குப் பார்க்கலாம் சார் என்றார். அன்று அவர் உட்காரவில்லை. ஆனால் ஜெனரல் போன பிறகு வேலூர்ச் சித்தப்பாவைக் கூப்பிட்டு, பட்டுச் சட்டையைச் சாப்பாட்டுப் பந்திக்குப் போட்டுக்கொள்ளச் சொன்னார். சித்தப்பாவின் வருத்தத்தைப் பற்றி இன்னொரு சமயம் எழுதுகிறேன்.

மறுநாள் நீ முகூர்த்த வேட்டி மாற்றிக்கொள்ள உள்ளே போயிருந்தாய். வேட்டி கட்டத் தெரியாததால் அதற்கு நேரம் பிடித்தது. அந்த நேரத்தில்தான் எல்லாம் நடந்தது. பங்ஷன் ஹாலில் முதல் வரிசை முழுக்கக் காலனிக்காரர்கள், நடுவில் பிரிகேடியர். மேடையில் போடப்பட்ட நாற்காலியில் உன் அப்பா உட்கார்ந்துவிட்டார். நான் மூச்சுவிட்டேன். ஜெனரல் வேட்டியும் கோட்டுமாக மாலையோடு இரண்டடி முன்னால் வந்தார். உன் அப்பா எழுந்து நின்றுவிட்டார். மனம் ஒப்புக்கொண்டது, முட்டி ஒப்புக்கொள்ளவில்லை. புரோகிதர், “உட்காருங்கோ சார், நேரம் ஆறது” என்றார். உட்கார்ந்தார். ஜெனரல் அசைந்தார். எழுந்தார். மூன்றாவது முறை முதல் வரிசையில் யாரோ இருமினார்கள். உன் அப்பாவின் முகம் சிவந்து, கண் கலங்கிவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை என்பதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். எலீஸ் மணப்பெண் கோலத்தில் ஓரமாக நின்று தன் அப்பாவைப் பார்த்தாள்.

ஜெனரல் மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு, உடைந்த முட்டியைப் பிடித்தபடி, மெல்லக் கீழே இறங்கி, ஜமுக்காளத்தில் உட்கார்ந்துவிட்டார். ஒரு காலை மடக்கினார், இன்னொன்று மடங்காமல் நேராக நீண்டிருந்தது. இப்போது உன் அப்பாவின் நிலைமையைப் பார். ஜெனரல் தரையில். அவர் முன்னால் நாற்காலியில் உட்காருவது நினைத்தே பார்க்க முடியாதது. நிற்பது அதைவிட மோசம், ஒரு ஜெனரலின் தலையை மேலேயிருந்து பார்ப்பதாகிவிடும். படை விதிகளில் இதற்கு இடம் ஒதுக்கப்படவில்லை. அவரும் கீழே இறங்கினார். இருவரும் எதிரெதிரே தரையில் உட்கார்ந்தார்கள். உன் அப்பா நெஞ்சிலிருந்து மூச்சை இறக்கி, முன்தினம் முதல் ‘சார்’ என்று மட்டுமே தான் அழைத்துவந்த அந்த மனிதரிடம், தமிழிலேயே, “வாங்க, சம்பந்தி” என்றார். ஜெனரலுக்குச் சொல் புரியவில்லை, விஷயம் புரிந்தது. கழுத்தில் மாலை விழுந்தது, நெற்றியில் சந்தனம் ஏறியது, தட்டு கைமாறியது. எலீஸ் கை தட்டினாள், அவளைப் பார்த்து ஹாலே தட்டியது. அதன் பிறகு இரண்டு காலாட்படைகளாலும் எழுந்திருக்க முடியவில்லை. அரிசி மூட்டை தூக்கிப் பழகிய உன் சித்தப்பாதான் ஒவ்வொருவராகத் தூக்கிவிட்டார். அவருக்கும் ஒரு பங்கு கிடைத்தது. நீ வேட்டியோடு வெளியே வந்து, ஏன் எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று கேட்டாய். வேட்டியைப் பார்த்துத்தான் என்று நான் சொன்னது உண்மையில்லை.

உன் காலைக் கழுவியபோது நடந்ததிலும் பாதிதான் உனக்குத் தெரியும். எலீஸின் அம்மா தண்ணீர் ஊற்ற, ஜெனரல் உன் காலைக் கையில் ஏந்தி, புரோகிதர் அவசரப்படுத்தியும் விடாமல், திருப்பித் திருப்பிப் பார்த்தார். உனக்குக் கூச்சமாக இருந்தது, நெளிந்தாய். நீண்ட நடைக்குப் பிறகு தன் ஆட்களின் காலை ஒவ்வொன்றாகப் பார்ப்பது காலாட்படை அதிகாரியின் வேலை. கொப்புளம் இருந்தால் மருந்து போட்டு, நகம் வெட்டாதவனைத் திட்டி, பிறகுதான் அதிகாரி சாப்பிடப் போவார். சின்ன அதிகாரியாக இருந்தபோது வாழ்க்கையில் பாதியை மற்றவர் காலைப் பிடித்துக்கொண்டுதான் கழித்தேன் என்று அவர் சாப்பாட்டுப் பந்தியில் எங்களிடம் சொன்னார். இதைப் போய் உன் அப்பா ஜெனரலுக்கு இறக்கம் என்று நினைத்தாரே. உன் காலைப் பார்த்து முடித்தபின் ஜெனரல் உன் அப்பா பக்கம் சாய்ந்து காதில் ஏதோ சொன்னது உனக்கு ஆசீர்வாதம்போல் தெரிந்திருக்கும். அவர் சொன்னது, “தட்டைப் பாதம்.” உன் அப்பா, “எஸ் சார். அதனாலதான் கம்ப்யூட்டர்ல இருக்கான்” என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். நீ இன்டர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் உன் அப்பா உன்னை ராணுவ மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துப் போக, அதே காரணத்தால் அவர்கள் திருப்பி அனுப்பிய நாள் எனக்கு நினைவிருக்கிறது. வரும் வழியில் இரானி ஓட்டலில் நீ ஒரு தட்டு பிஸ்கட் தின்றாய். துக்கத்தில் தின்கிறான் என்று உன் அப்பா இன்னொரு தட்டு வாங்கிக் கொடுத்தார். நீ எவ்வளவு சந்தோஷமாக இருந்தாய் என்று நானும் சொல்லவில்லை.

புத்திமதி சொல்லாமல் இப்படிப்பட்ட கடிதத்தை முடிக்கக் கூடாது என்பார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மாமனார் வீட்டுக்குப் போனால் அவர் உட்கார்ந்த பிறகு உட்கார், ஆனால் கட்டாயம் உட்கார். அவர் தனியாகச் சாப்பிடும்படி விடாதே. ஒரு வீட்டில் ஒருவர் நின்றுகொண்டே இருந்தால் மற்றவர்கள் எவராலும் நிம்மதியாக உட்கார முடியாது, ஜெனரலுக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகியும் அது ஆறவில்லை என்பதை அன்று பார்த்தேன். அவர் பாடினால் கேள். இஸ்திரி போடக் கற்றுக்கொள், உன் இரண்டு அப்பாக்களிடமும் உனக்கு மரியாதை கிடைக்கும் வழி அது ஒன்றுதான். தயிரைக் கீழ்த்தட்டில் வைக்கலாம் என்று எலீஸ் சொன்னால் வை, அங்கே குளிர் சரியாக இருக்கும். நாளை உனக்குப் பிள்ளை பிறந்து அது உன்னைவிடப் பெரிய ஆளாக வந்தாலும், அதன் முன்னால் உன் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதே. அதற்கு நீ செய்யக்கூடிய உதவி அது.

இங்கே எல்லோரும் நலம். ஜெனரல் ஞாயிற்றுக்கிழமைகளில் உன் அப்பாவோடு வீடியோவில் பேசுகிறார். இருவருக்கும் பொதுவான ஆங்கிலம் கொஞ்சமே என்பதால் வெங்காயத்தையும் சட்டை மடிப்பையும் காட்டிக்கொள்கிறார்கள், முக்கால் மணி நேரம் போகிறது. உன் அப்பா அந்த நேரம் முழுக்கப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். சென்ற வியாழக்கிழமை மாலை பிரிகேடியர் வழக்கம்போல் கேட்டில் வந்து நின்று, க்யா ஹால் ஹை என்றார். உன் அப்பா வராந்தாவில் இருந்தார். “ஆயியே சார், பைட்டியே” என்று எதிர் நாற்காலியைக் காட்டிவிட்டு, தானும் உட்கார்ந்தே இருந்தார். பிரிகேடியர் இப்போது மாலை நடைக்கு நம் பின்பக்கத் தெரு வழியாகப் போகிறார்.